மொக்கராசின் லொகேஷன்

மொக்கராசைப் புதைத்த மூன்றாம் நாள், ஊர் ஆட்கள் விடியலில் மயானத்துக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு ஓடையில் இறங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், மலைமேலே மேல்மந்தையில் இருக்கும் பஞ்சவர்ணம் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: "மொக்கராசண்ணன் கிளம்பிட்டாரு. எல்லாரும் ரெடியாகுங்க."

ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஆளாளுக்குப் போனை எடுத்துப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் பொய் சொல்லவில்லை. வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மினிபஸ்மேல் முழங்கையை ஊன்றி நிற்கிற மொக்கராசின் முகம், மயானத்தை விட்டு வெளியே வந்து, ஓடைப் பாலத்தைத் தாண்டி, வண்டி ஷெட்டுக்குப் போய்க் கொஞ்சம் நின்று, அப்புறம் மலைப்பாதையில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது பாலத்தைத் தாண்டியபோது இவர்கள் அத்தனை பேரும் பாலத்துக்கு அடியில்தான் நின்றிருக்க வேண்டும். ஒருத்தர் காதிலும் ஒரு சத்தம் விழவில்லை. டீக்கடைச் சுருளியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "லீவெல்லாம் போட்டும் இன்னைக்கு லேட்டாத்தான கிளம்பியிருக்காரு" என்றான். அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது? எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார்கள்.

ஊத்துக்கரை மலையடிவாரத்து ஊர். மேல்மந்தை மலைமேல் இருக்கிற ஊர். இரண்டுக்கும் நடுவில் வளைந்து வளைந்து ஏறுகிற ஒரே ரோடு, அந்த ரோட்டில் ஒரே ஒரு மினிபஸ். கிளிப்பச்சை பெயின்ட் அடித்திருந்ததால் அதற்குப் பச்சை வண்டி என்று பெயர். இருபது வருசமாக அதை மொக்கராசுதான் ஓட்டினான். காலையில் முதல் நடைக்கு அவன் ஒருத்தனாகக் காலி வண்டியை மலைமேல் ஏற்றுவான். கண்டக்டர் மேல்மந்தைக்காரன் என்பதால் மேலேதான் ஏறுவான். அங்கிருந்து மில்லுக்கும் காலேஜுக்கும் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கி, ஊத்துக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு டவுனுக்குப் போவான். மழையிலும் பனியிலும் பெண்கள் ரோட்டோரம் நின்று விறைக்கிறார்கள் என்று, எல்லார் கைக்கும் போன் வந்த பிறகு அவனே ஒரு குழு ஆரம்பித்து, வண்டியை எடுக்கும்போதே தன் லொகேஷனை அதில் போட்டுவிடுவான். வட்டம் எந்த வளைவில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து, உலையை இறக்கலாம், பிள்ளைக்குத் தலை சீவலாம், தாவணியைக் குத்தலாம், ஓடி வந்து ஏறலாம்.

அந்தப் போன் இப்போது மண்ணுக்குள் இருந்தது. போகிறவனை வெறும் பையோடு அனுப்பக் கூடாது என்பது ஊத்துக்கரையின் பழக்கம். நெற்றியில் காசு எல்லா ஊரிலும்தான் வைப்பார்கள்; இங்கே சட்டைப்பையும் நிறைந்திருக்க வேண்டும், உயிரோடு இருந்தபோது பையில் என்ன வைத்திருந்தானோ அது அப்படியே கூடப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படுத்த மொக்கராசு திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டி, அவன் காக்கிச் சட்டையை மாட்டியபோது பையில் சீப்பும் வெற்றிலைப் பொட்டலமும் போனும் இருந்தன. போனை மட்டும் எடுத்துக்கிடலாமா என்று யாரோ இழுத்தார்கள். "பையில கை வைக்காதீங்க" என்றாள் அவன் பெண்டாட்டி வேலுத்தாய். அவ்வளவுதான் நடந்தது. எட்டு மணி நேரத்தில் தானாக அணைந்துபோக வேண்டிய லொகேஷன், சார்ஜ் தீர்ந்த பிறகும், ரீசார்ஜ் முடிந்த பிறகும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும், மண்ணுக்கு அடியிலிருந்து காலையில் கிளம்பி, பொழுது சாய மயானத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தது.

ஊர் அதற்கு எப்படிப் பழகியது என்று கேட்டால், புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகளுக்குப் பழகுகிற மாதிரிதான்; முதல் வாரம் எட்டி எட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் குறை சொன்னார்கள், மூன்றாம் வாரம் வேலை வாங்க ஆரம்பித்தார்கள். பால் கறக்கிறவர்கள் வட்டம் பாலத்தைத் தாண்டினால் கேனை மூடினார்கள். சத்துணவு ஆயா வட்டம் டவுனிலிருந்து திரும்பினால் அரிசி களைந்தாள். பச்சை வண்டி ஷெட்டில் சும்மா நின்ற அந்த நாட்களில், மேல்மந்தைப் பெண்கள் மலையை நடந்தே இறங்கினார்கள், தனியாக இறங்கப் பயந்தவர்கள், வட்டம் தங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருந்து, அது இறங்கும்போது அதோடு சேர்ந்து இறங்கி, "யாரு கூட வந்தீங்க?" என்று கேட்டவர்களுக்கு, "மொக்கராசண்ணன் கூட" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். வட்டம் டீக்கடை முன்னால் நிற்கிற நேரத்துக்குச் சுருளியப்பன் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயைப் போட்டு, பெஞ்சின் ஓரத்தில் வைத்தான். கிளாஸ் தினமும் காலியானது. அதைக் குடிப்பது கட்டட மேஸ்திரிதான் என்று ஊருக்கே தெரியும், சுருளியப்பனுக்கும் தெரியும், ஆனாலும் மேஸ்திரி குடித்து முடிக்கும்வரை யாரும் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை.

இது சரியில்லை, தோண்டி எடுத்துப் போனை அணைத்துவிடலாம் என்று ஒன்றிரண்டு பேர் கூட்டம் போட்டதும் உண்டு. புதைத்ததைத் தோண்டுகிற பழக்கம் நமக்கு இல்லை என்று ஊர் சொல்லிவிட்டது. அப்படியானால் குழுவை விட்டாவது அவரை நீக்கலாம் என்றார்கள். குழுவுக்கு அட்மின் அவர் ஒருத்தர்தான், அட்மினை யார் நீக்குவது? கூட்டம் டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

வேலுத்தாய் இந்தக் கூட்டத்துக்கெல்லாம் போகவில்லை. அவள் குட்டியானை ஓட்டுகிறவள். திராட்சையும் எலுமிச்சையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வருகிற சின்ன லோடு வண்டி அது. புருசன் சொல்லிக்கொடுத்துத்தான் ஓட்டக் கற்றாள், அவன் பிடிவாதத்தால் பஸ் ஓட்டுகிற லைசென்ஸும் எடுத்தாள், புருசனைவிட நன்றாக ஓட்டுவாள், அதைப் புருசனிடமே சொல்லவும் செய்வாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் வாய் நீளம். பச்சை வண்டிக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு அவன் அடித்துவிட்டான் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். "ஊரெல்லாம் கறுப்புத் தொட்டி வச்சிருக்கு, நம்ம வீட்டுல மட்டும் கிளியா வளக்குற?" என்று கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும்டீ" என்றான். அவனிடம் அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆற்றாமை. இருபது வருசத்தில் வாசல் தாண்டும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் அவன் ஒரு நாளும் தாண்டியதில்லை. சண்டை போட்ட நாளிலும் சுவரைப் பார்த்தாவது சொல்லிவிட்டுத்தான் போவான். "டவுனுக்குப் போறதுக்கெல்லாம் சொல்லிட்டுப் போன மனுசன், திரும்பாத எடத்துக்குப் போறப்ப ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டானே" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுததைக் கேட்டு, கொட்டு அடித்தவர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போதும் காலையில் வாளியோடு மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போடும்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். என்ன என்று யோசித்துப் பார்ப்பாள். பிடிபடாது. புருசன் இல்லாத வீட்டில் எல்லாமேதான் குறையும் என்று படியிறங்கிவிடுவாள்.

பச்சை வண்டிக்கு முதலாளி தெய்வேந்திரன் புது டிரைவர்களைப் போட்டுப் பார்த்தான். ஒருத்தரும் நிலைக்கவில்லை. ஏறுகிறவர்கள் எல்லாரும் கையில் போனை வைத்துக்கொண்டு, "அண்ணன் இந்நேரம் பாலத்துக்கிட்டப் போயிட்டாரு, நீ இன்னும் இங்கன உருட்டிக்கிட்டு இருக்க" என்றும், "அண்ணனே மெதுவாத்தான் எறங்குறாரு, உனக்கு என்ன அவசரம், எங்களையும் அவருகிட்ட அனுப்பப் பாக்குறியா" என்றும், முன்னால் போனாலும் குற்றம் பின்னால் போனாலும் குற்றம் என்று பிடுங்கி எடுத்தார்கள். கடைசியாக வந்தவன் சாவியைத் தெய்வேந்திரன் மேசையில் போட்டுவிட்டு, "உசுரோட இருக்கிறவன்கூடப் போட்டி போடலாம்ண்ணே, செத்தவன்கூட முடியாது" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்தச் சமயத்தில்தான் மேல்மந்தைப் பஞ்சவர்ணத்துக்கு மூக்கு வேர்த்தது. நல்லவள்தான், ஆனால் வாய்க்கு ஏதாவது மெல்லக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதி மலையில் ஆனைக்கல் வளைவு என்று ஒன்று இருக்கிறது. காலை முதல் நடைக்குக் காலி வண்டி ஏறும்போது மொக்கராசு அங்கே கொஞ்சம் நிறுத்துவான்; மேலே காத்திருக்கிறவர்கள் போனில் பார்த்து, எஞ்சின் ஆறவைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போதும் வட்டம் தினமும் அங்கே நின்றது.

"எல்லாம் சரி" என்று குழுவில் பேசி அனுப்பினாள் பஞ்சவர்ணம். "செத்தவருக்கு எஞ்சின் எதுக்கு ஆறணும்?"

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. ஆனைக்கல் வளைவில் பஸ் ஸ்டாப் கிடையாது, வீடு கிடையாது, கோயில் கிடையாது. ஒரு எலுமிச்சைத் தோப்பு, தோப்புக்கு ஒரு காவல் கொட்டகை, கொட்டகையில் அமராவதி. புருசனோடு ஒத்துவராமல் தனியாக வந்து, தோப்பைக் காவல் காத்துக்கொண்டு ரோட்டோரம் கொய்யாப்பழம் விற்கிறவள். வேறு என்ன வேண்டும்? அதற்கேற்ற மாதிரி, வேலுத்தாய் மகளைப் பார்க்கத் திருப்பூர் போயிருந்த நாட்களில் வட்டம் ஆனைக்கல் வளைவை விட்டு நகராமல் மத்தியானம் வரைக்கும் அங்கேயே நின்றது. "பெண்டாட்டி ஊருல இல்லன்னதும் பாத்தியா?" என்று ஒருத்தருக்கொருத்தர் போனைக் காட்டிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதைப் போட்டு மூடுவது?

சுருளியப்பன் நல்ல மனசோடுதான் வந்து சொன்னான். "மதினி, ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வந்துருங்க. என்னான்னு தெரிஞ்சிட்டா ஊரு வாயை அடைச்சிரலாம்ல."

"என்னத்தைப் போய்ப் பாக்குறது?" என்றாள் வேலுத்தாய். "போய்ப் பாத்தா நான் சந்தேகப்பட்டேன்னு ஆயிரும். என் புருசன எனக்குத் தெரியும்டா."

அப்படிச் சொல்லிவிட்டாளே ஒழிய, அன்றிலிருந்து மலைப்பக்கம் லோடு என்று கூப்பிட்டால் வண்டி ரிப்பேர் என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவளுக்குப் பயமாக இருந்தது. செத்தவனோடு சண்டை போட முடியாது, அழவைக்க முடியாது, மன்னிக்கவும் முடியாது. அந்த வளைவில் அவள் நினைக்காத ஏதோ ஒன்று இருந்துவிட்டால், இருபது வருசத்து "போயிட்டு வர்றேன்" அத்தனையும் பொய்யாகிப் போகும். அப்புறம் எதை வைத்துக்கொண்டு அவனை நினைத்து அழுவது? குழுவைத் திறந்து வட்டத்துக்குள் இருக்கிற முகத்தைப் பார்ப்பாள். கறுப்புக் கண்ணாடி. கண் தெரியாது.

அமராவதியே ஒரு நாள் மலை இறங்கி வந்துவிட்டாள். தலையில் கொய்யாக்கூடை அப்படியே இருந்தது. பேச்சு கிளம்பியதிலிருந்து ஊத்துக்கரைக்காரர்கள் யாரும் அவளிடம் பழம் வாங்குவதில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் சாமி மேல சத்தியம் பண்ணத்தான் வந்தேன். அவரு என்கிட்ட ஒரு பழம்கூட வாங்குனதில்ல. வண்டியை நிப்பாட்டுவாரு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாரு, நின்னுட்டு..."

"நிறுத்து" என்றாள் வேலுத்தாய். "என் புருசனுக்கு நீ சாட்சி சொல்லவேண்டியதில்ல. அவரு தப்பானவருன்னு ஊரு சொல்லியும் தெரிஞ்சிக்கிட மாட்டேன், நல்லவருன்னு நீ சொல்லியும் தெரிஞ்சிக்கிட மாட்டேன். கூடையை இறக்கு. ரெண்டு கிலோ போடு."

வாசலிலேயே ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டு ஊர் பார்க்க நின்றாள். பழம் இனிப்பாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு இறங்கவில்லை.

தெய்வேந்திரன் வந்தது அதற்கு அடுத்த வாரம். டிரைவர் யாரும் வரமாட்டேன் என்கிறான், பர்மிட்டை வெளியூர்க்காரனுக்கு விற்றுவிடப் போகிறேன், அவன் மலைக்கு வண்டி விடமாட்டான், டவுனுக்குள்ளேயே ஓட்டிக்கொள்வான் என்றான். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"வேலுத்தாயி, உன்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

இதற்குள் குழுவில் தகவல் பரவி, மேல்மந்தைப் பெண்கள் ஆளாளுக்குக் கெஞ்சிப் பேசி அனுப்ப ஆரம்பித்தார்கள். பஞ்சவர்ணத்தின் குரலும் அதில் இருந்தது. "அக்கா, ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பேசிட்டேன், என் வாயில மண்ணைப் போடு. ஆனா வண்டியை எடுக்கா. பிள்ளைக பள்ளிக்கூடம் போய் எத்தன நாளாச்சு."

வேலுத்தாய் அந்தக் குரலை முழுசாகக் கேட்டாள். ஆனைக்கல் வளைவைத் தாண்டாமல் மேல்மந்தைக்கு ரோடு இல்லை. குட்டியானைக்கு ரிப்பேர் என்று எத்தனை நாள் சொல்லலாம்? வண்டி ஓட்டுகிறவள் ஒரு வளைவுக்குப் பயந்தால் அப்புறம் சாவியை எதற்குத் தொடவேண்டும்? எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஓட்டுறேன். ஆனா ஒண்ணு சொல்லிப்புடறேன். அவரு எங்க நிப்பாட்டுனாரோ அங்கெல்லாம் வண்டி நிக்கும். ஒரு எடம் விடாம நிக்கும். ஊரு பாக்கணும்னா ஏறிப் பாத்துக்கிடட்டும்."

சொல்ல வேண்டுமா? மறுநாள், இருபது வருசமாகக் காலியாகவே ஏறிய முதல் நடை நிரம்பி வழிந்தது. எல்லாருக்கும் மேல்மந்தையில் அவசர வேலை. சுருளியப்பன் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தான். "பெரியம்மாவுக்கு மேலுக்கு முடியல மதினி" என்றான். "ஒங்க பெரியம்மா செத்து அஞ்சு வருசம் ஆச்சேடா" என்றார் மேஸ்திரி, அவர் எந்த வேலையாகப் போகிறார் என்று யாரும் கேட்காத தைரியத்தில். அவள் எதையும் காதில் வாங்காமல், டயருக்கு எலுமிச்சை வைத்து, சூடம் காட்டி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவைத்து, அவனைப்போலவே தன் லொகேஷனையும் குழுவில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். மயானத்திலிருந்து கிளம்பி வந்த வட்டம் ஷெட்டில் கொஞ்சம் நின்று, வண்டிக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால் போனது. "அண்ணன் முன்னாடி போறாரு, ரோடு பாத்துச் சொல்லுறாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். முதல் வளைவு, எட்டு மாதிரி முறுக்கிக்கொண்ட இரண்டாம் வளைவு, ஊற்றுத் தண்ணீர் ரோட்டில் வழிகிற வளைவு, ஒவ்வொன்றிலும் பஸ் அவள் சொன்னபடி திரும்பியது, அவள் நெஞ்சுதான் அவள் சொன்னபடி இருக்கவில்லை.

ஆனைக்கல் வளைவில் வட்டம் நின்றுகொண்டிருந்தது. அவளும் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக் போட்டாள். இறங்கினாள். தோப்புக் கொட்டகை வாசலில் அமராவதி எழுந்து நின்றாள். வண்டியில் இருந்தவர்கள் மொத்தமாக இறங்கி, கையில் போனோடு, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது வழி சொல்லுகிற மாதிரி அவளுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்கள்.

"கொட்டகைப் பக்கம் இல்ல மதினி, அண்ணன் அங்கன இல்ல. இந்தப் பக்கம், இந்தப் பக்கம்."

"இன்னும் வரலாம்... வரலாம்... கல்லு ஏறிக்கிடுங்க..."

"வரலாம்... வரலாம்... ஆங், போதும்!"

ரோட்டு ஓரத்தில் யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை. அதன்மேல் அவள் நின்றாள். போனில் அவள் வட்டமும் அவன் வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரண்டு முகமும் ஒன்றாகத் தெரிந்தன. கொட்டகை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் ஒன்றுமே இல்லை, பள்ளம்தான், பள்ளத்துக்குக் கீழே தென்னந்தோப்பு, அதற்கும் கீழே தீப்பெட்டிகளைக் கொட்டிவைத்த மாதிரி ஊத்துக்கரை. எல்லாம் ஒரே மாதிரி மொட்டைமாடிகள். எல்லா மொட்டைமாடியிலும் ஒரே மாதிரி கறுப்புத் தொட்டிகள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு, கறுப்பு. நடுவில் ஒன்று மட்டும் கிளிப்பச்சை.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நேற்று அவள் எடுக்க மறந்த சிவப்புச் சேலை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது உங்க வீட்டுத் தொட்டியா மதினி?" என்று மெதுவாகக் கேட்டான் சுருளியப்பன்.

அமராவதி ரோட்டைக் கடந்து வந்தாள். அன்றைக்கு வாசலில் சொல்லவிடாமல் நிறுத்திய இடத்திலிருந்து, இப்போது யாரும் கேட்காமலே தொடர்ந்தாள். "நின்னுட்டு, கீழயே பாத்துக்கிட்டு இருப்பாருக்கா. சில நாளு வந்தவொடன போயிருவாரு, சில நாளு ரொம்ப நேரம் நிப்பாரு. அப்புறம் ஏறி ஹாரன் அடிப்பாரு. ரெண்டு சின்னது, ஒரு பெருசு. அடிச்சிட்டுத்தான் போவாரு."

ரெண்டு சின்னது, ஒரு பெருசு.

வேலுத்தாய் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். காலையில் துணி காயப்போடும்போது குறைந்தது எது என்று இப்போது தெரிந்தது. அவள் வாளியோடு படியேறி, முதல் துணியை உதறிக் கொடியில் போடுகிற நேரத்துக்கு மலையிலிருந்து அந்தச் சத்தம் வரும். அவளும் தினமும், "காலங்காத்தால யாரும் இல்லாத மலையில எவளுக்கு இந்த ஹாரன்?" என்று திட்டிக்கொண்டே அடுத்த துணியைப் போடுவாள். வளைவு என்றால் ஹாரன் அடிப்பார்கள்தானே என்று இருபது வருசமும் விட்டுவிட்டாள். வாசலில் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனவன், அவள் வெளியே வருகிறவரை இங்கே நின்று பார்த்து, இங்கிருந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஊருக்குள் வீடு எது என்று தெரிய வேண்டும் என்று தொட்டிக்குப் பச்சை அடித்திருக்கிறான். அவள் திருப்பூர் போயிருந்தபோது, துணி காயப்போட யாரும் வராத மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டு, செத்த பிறகும் மத்தியானம்வரை இதே பாறையில் நின்றிருக்கிறான்.

"அட மனுசா" என்றாள். "எவளுக்கு எவளுக்குன்னு கேட்டேனே. எனக்குத்தானாய்யா?"

வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது, அதையும் அடக்கவில்லை. பச்சை பெயின்டுக்காகத் தான் பேசாமல் இருந்த ஒரு வாரத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஊர் சுற்றி நின்று பார்த்தது. மேஸ்திரி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அமராவதியைப் பார்த்து, "எனக்கு ஒரு கிலோ போடும்மா" என்றார். சுருளியப்பனும் ஒரு கிலோ வாங்கினான். எல்லாரும் வாங்கினார்கள். கூடை காலியானது.

வட்டம் மட்டும் நகரவில்லை. மேல்மந்தையில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள், பஞ்சவர்ணம் குழுவில் "என்னாச்சு என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், வட்டம் பாறையிலேயே நின்றது. வேலுத்தாய்க்குத்தான் காரணம் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஏய்யா, நான் இங்க இருக்கேன். அங்க யாரைத் தேடிக்கிட்டு நிக்கிற? வீட்டுக்குப் போ. வண்டியை இனி நான் பாத்துக்கிடுறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மொக்கராசின் முகம், எப்போதும் மேலே மட்டுமே ஏறுகிற அந்த முதல் நடை நேரத்தில், முதல் முறையாகத் திரும்பியது. ஒவ்வொரு வளைவாக, அவசரமே இல்லாமல் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மயானத்துக்குப் போகிற பாதையில் திரும்பாமல், ஷெட்டுப் பக்கமும் போகாமல், ஊருக்குள் நுழைந்து, தெருவில் போய், வேலுத்தாய் வீட்டின்மேல் வந்து நின்றது. அத்தனை பேரும் மூச்சை விட்டார்கள்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு மதினி" என்றான் சுருளியப்பன்.

"போகட்டும்" என்றாள். "இருபது வருசம் ஓட்டியிருக்காரு. உக்காரட்டும்."

எல்லாரையும் ஏற்றினாள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, பச்சைத் தொட்டி தெரிகிற பக்கமாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஹாரனை அழுத்தினாள். ரெண்டு சின்னது. ஒரு பெருசு. அந்தப் பெருசு மலையில் முட்டி, பள்ளத்தில் இறங்கி, ஊத்துக்கரையின் எல்லா மொட்டைமாடிகளுக்கும் கேட்டது.

வட்டம் அதற்குப் பிறகு வீட்டைவிட்டு அசையவில்லை. பால்காரர்கள் கேன் மூடுவதற்கும் ஆயா அரிசி களைவதற்கும் வேலுத்தாயின் லொகேஷனைப் பார்க்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல இன்றுவரை எவருக்கும் தைரியம் வந்ததில்லை. மேஸ்திரிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், டீக்கு இப்போது அவரேதான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊத்துக்கரைக்குப் புதிதாக வருகிறவர்கள் காலையில் மலையிலிருந்து வருகிற அந்த ஹாரனைக் கேட்டுவிட்டு, அங்கே ஆளே இல்லையே, யாருக்கு அடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். துணி உதறிக்கொண்டிருக்கிற யாராவது ஒரு பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லுவாள்:

"வேலுக்கா வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டுப் போகுது."